மெயின் தாங்கும் வரை

ஃப்ரீசர் பெட்டியின் உறுமல் மறுபடியும் நின்றது. கண்ணாடிக்குள் அப்பாவின் முகத்துக்கு மேல் எரிந்துகொண்டிருந்த குழல்விளக்கும் போய்விட்டது.

"ஃபேன் போட்டது யாரு?" என்று கத்திக்கொண்டே மகள் வாசலுக்கு ஓடினாள்.

"சும்மா ஒரு சுத்து விட்டேம்மா" என்றார் சித்தப்பா, துண்டால் கழுத்தைத் துடைத்தபடி. "வேர்த்துக் கொட்டுது. செத்தும் எங்கண்ணன் காத்து வாங்க விட மாட்டேங்கறாரு."

எலக்ட்ரீஷியன் மீட்டருக்குக் கீழே ஸ்டூல் மேல் நின்றிருந்தார். மெயின் சுவிட்சை மேலே தள்ளினார். விழுந்தது. மறுபடி தள்ளினார். நின்றது. விரலை உதறிக்கொண்டார்.

"சுடுதும்மா. வாசனை வருது பாருங்க."

கருகிய பிளாஸ்டிக்கின் வாசனை.

"பெரிய மெயினா மாத்திடுங்களேண்ணே!"

"உள்ள ஒயரெல்லாம் பழசு. மெயின் விழலைன்னா ஒயர் பத்திக்கும். அக்கம்பக்கத்துலேருந்து இழுக்கலாம்னா ரெண்டு வீடும் பூட்டிக் கெடக்கு." குரலைத் தாழ்த்தினார். "இந்தச் சின்ன மெயினை நான்தான் போட்டேன். பெருசு போட சார் விடலை. இன்னொரு தடவை விழுந்தா எந்திரிக்காது. பெட்டி மட்டும் ஓடட்டும், மத்தது எல்லாத்தையும் அணைச்சிடுங்க."

கரண்ட் பில் ஏற ஏற, அப்பா கண்டுபிடித்த வழி அது. மோட்டார் ஓடும்போது இஸ்திரிப் பெட்டி போட்டால் வீடே இருண்டுவிடும். ஒன்று முடிந்துதான் இன்னொன்று. யாராவது வீணாக்க நினைத்தாலும் முடியாது. தெருவில் அவருக்கு 'ஆஃப் சார்' என்றே பெயர்.

மகள் அறை அறையாகப் போனாள். ஃப்ரிட்ஜ், சார்ஜர், குளியலறை விளக்கு. ஒவ்வொரு சுவிட்சையும் அணைத்த பிறகு கட்டைவிரல் தானாக இன்னொரு தடவை அதை அழுத்திப் பார்த்தது. அப்பா செய்வது அப்படித்தான். விரலைச் சட்டென்று மடக்கிக்கொண்டாள்.

திரும்பி வந்தபோது கூடத்தில் பாதி இருட்டிவிட்டது. அம்மா பெட்டியின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். மகளின் புடவையைப் பிடித்து இழுத்தாள்.

"உங்கண்ணன் வர்றவரைக்கும் விளக்கு இருக்கும்ல?"

பெட்டியைப் பற்றிக் கேட்கவில்லை. விளக்கைப் பற்றித்தான்.

"இருக்கும்மா."

அண்ணன் எந்த அறைக்குள் நுழைந்தாலும் உள்ளங்கையால் வரிசையாக எல்லா சுவிட்சையும் தட்டிவிடுவான். அப்பா பின்னாலேயே போய் ஒவ்வொன்றாக அணைப்பார். அவன் ஆசையாக வாங்கி மாட்டிய ஏ.சி.யை இந்த மெயின் தாங்கவே இல்லை. மாற்றித் தரச் சொன்னான், அப்பா மறுத்தார். "நீங்க செத்தாலும் உங்களை இருட்டுலதான் போட்டு வைப்பாங்க!" என்று கத்திவிட்டுப் போனவன் பிறகு இந்த வாசலை மிதிக்கவில்லை.

வந்தவர்களிடமெல்லாம் அதைச் சொல்லி அப்பா சிரிப்பார். "பையன் எனக்குச் செலவே வைக்கலை, பாத்தீங்களா?"

அம்மா மட்டும் சிரித்ததே இல்லை.

பெட்டி ஒரு குலுக்கலோடு ஓய்ந்தது. சித்தப்பாவின் கையில் விசிறி அப்படியே நின்றது. குளிர் போதுமென்று தானாக ஓய்வதுதான். விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் மறுபடி ஓடத் தொடங்கும்போதுதான் அது கரண்டை மொத்தமாக இழுக்கும் என்று எலக்ட்ரீஷியன் சொல்லியிருந்தார். ஸ்டூலிலிருந்து அவர் இறங்கவேயில்லை.

வாசலில் ஆட்டோ நின்றது. செருப்புச் சத்தம். போன் டார்ச்சின் வெளிச்சம் தரையில் ஆடியபடி உள்ளே வந்தது.

"ஏன் இப்படி இருட்டா..." அண்ணனின் குரல் உடைந்திருந்தது. கதவோரம் இருந்த சுவிட்சுகளை நோக்கி அவன் உள்ளங்கை விரிந்தது.

மகள் பாய்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வேணாம்ணா! மெயின் தாங்காது."

அவன் திரும்பினான். வீடு முழுக்க இருட்டு. அப்பாவின் முகத்துக்கு மேல் மட்டும் வெள்ளையாக ஒரு விளக்கு.

அப்போது பெட்டி உறுமத் தொடங்கியது. விளக்கு மங்கியது, இன்னும் மங்கியது. வாசலில் எலக்ட்ரீஷியன் ஏதோ முணுமுணுத்தார். அவள் பிடியை விடவில்லை.

விளக்கு மெல்ல ஏறி, நின்றது.

அண்ணன் நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கையிலிருந்த டார்ச்சை அணைத்தான்.