கூடத்து டிம்மர்

அப்பாவுக்குக் காதில் இரைச்சல், புத்தி பிசகிவிட்டது என்று அண்ணன் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். இரைச்சல் காதில் இல்லை, ரேடியோவில்தான் என்பது தம்பிக்குத் தெரியும். தெரிந்தும் கல்லுளிமங்கனாக உட்கார்ந்திருந்தான்.

தம்பி எலக்ட்ரீஷியன். அண்ணன் வீடு கட்டி விற்கிறவன். அண்ணன் கட்டுகிற வீடுகளுக்கெல்லாம் வயரிங் தம்பிதான்; வேறு யாரும் அவனைக் கூப்பிடுவதில்லை. அதனால் அண்ணன் வீட்டில் யார் எது சொன்னாலும் அவனுக்குத் தலையாட்டத்தான் வரும்.

போன வருஷம் கூடத்து விளக்குகளுக்கு டிம்மர் மாட்டிக்கொடுத்தான். திருகினால் வெளிச்சம் குறையும். நல்ல சாமான்தான், உள்ளே காயில் என்கிற செம்புக் கம்பிச் சுருள் ஒன்று இருந்தது. டிம்மர் கிளப்புகிற இரைச்சல் வயர் வழியே வீடெல்லாம் பரவி ரேடியோவில் ஏறாமல் பிடித்து நிறுத்துவது அதுதான். ஆனால் விளக்கைக் குறைத்தால் அந்தக் காயில் லேசாக முனகும். அண்ணிக்கு அது பிடிக்கவில்லை.

"என்னப்பா இது, சுவத்துக்குள்ள கொசு பூந்த மாதிரி! நிம்மதியா டிவி பாக்க முடியல."

பத்து நிமிஷ வேலை. காயிலை வெட்டி எடுத்துவிட்டு அந்த இடத்தில் வெறும் வயரை இணைத்தான். செய்யக்கூடாத வேலை என்று தெரிந்தேதான் செய்தான். கூடம் அமைதியானது. அண்ணி காப்பி கொடுத்தாள்.

அன்று சாயங்காலமே பின்னறையில் அப்பாவின் ரேடியோ இரைய ஆரம்பித்தது. முப்பது வருஷம் கப்பலில் ரேடியோ ஆபரேட்டராக இருந்த மனுஷர். ஆறு மணிக்கு ஹெட்போனை மாட்டிவிட்டால் அதுதான் அவருக்கு உலகம். "இரையுதுடா, ஒண்ணும் கேக்க முடியல" என்பார். தம்பி வந்திருக்கும் நாட்களில் கொஞ்சம் உரக்கவே சொல்வார். அண்ணன் சலித்துக்கொண்டே எழுந்து, நடக்க வெளிச்சம் வேண்டுமே என்று விளக்கை முழுசாகத் திருகிவிட்டு வருவான். முழுசாக எரிந்தால் டிம்மர் இரையாது. ஹெட்போனை வாங்கிக் கேட்பான், தெளிவாக இருக்கும். திரும்பிப் போய் விளக்கைக் குறைப்பான்; அப்பா மறுபடி கூப்பிடுவார். ரேடியோவை மாற்றினார்கள். அப்பாவை டாக்டரிடம் காட்டினார்கள். வயசானால் இல்லாத சத்தம் கேட்கும் என்றார் அவர். அண்ணன் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். முதியோர் இல்லத்தில் இடம் பார்த்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கொண்டுபோய் விடுவதாக ஏற்பாடு.

தம்பிக்கு மனசு அடித்துக்கொண்டது. உண்மையைச் சொன்னால் அண்ணன் அடுத்த வீட்டு வயரிங்கை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவான். யோசித்து யோசித்து, கோழைக்கு ஏற்ற ஒரு வழியைக் கண்டுபிடித்தான். ஞாயிறு மத்தியானம் எல்லாரும் படுத்திருந்த நேரம் பார்த்து, கூடத்து பியூஸை மட்டும் பிடுங்கிவிட்டு, முனகாத காயில் ஒன்றை டிம்மரில் மாட்டினான். சத்தம் நின்றுவிட்டால் அப்பா எங்கேயும் போக வேண்டாமே என்று நினைத்தான் மகராசன்.

சாயங்காலம் அண்ணி விளக்கைக் குறைத்து டிவியைப் போட்டாள். கடைசியாக ஒருமுறை கேட்கிறேன் என்று அப்பா ஹெட்போனை மாட்டினார். முகம் மாறியது.

"இரைச்சல் இல்லையே."

அண்ணன் தொடையைத் தட்டினான். "பாத்தியாடா? நேத்து வரைக்கும் இருந்துச்சாம், இன்னிக்கு இல்லையாம்! ரேடியோவை யாராச்சும் தொட்டோமா? டாக்டர் சொன்னது சரிதான். ஏம்ப்பா, அது வந்து வந்து போகுதுதானே?"

அப்பா தம்பியைப் பார்த்தார். அவன் ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். தம்பி சட்டைப்பையிலிருந்து டெஸ்டரை எடுத்து, மூடியைத் திருகிப் பார்த்து, திரும்பவும் பையில் வைத்தான்.

"ஆமா," என்றார் அப்பா. "வந்து வந்து போகுது."

அண்ணன் காரை எடுக்கப் போனான். அப்பா ஹெட்போன் வயரை நிதானமாகச் சுற்றி வைத்தார்.

"காயில் போட்டுட்டே போல."

தம்பி வாசல் பக்கம் எட்டிப் பார்த்தான். "உங்களுக்குத் தெரியுமாப்பா?"

"முப்பது வருஷம் வேற என்னத்தக் கேட்டேன்? நீ எடுத்த அன்னிக்கே தெரியும்."

"அண்ணன்கிட்ட சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா உன்னைத் துரத்தியிருப்பான். நீயா ஒரு நாள் சொல்லுவேன்னு இருந்தேன்." கட்டிலிலிருந்து எழுந்தார். "இப்பக்கூட ஒரு நிமிஷம் பாத்தேன்."

வாசலில் ஹாரன் சத்தம் கேட்டது.

"பெட்டியத் தூக்கு," என்றார். தம்பி தூக்கினான்.