சண்டே மார்க்கெட்டில் வாங்கிய சவரக்கத்தி

என் வீட்டுக்காரர் அழகுபாண்டிக்குப் போன மாதம் திடீரென்று ஞானம் பிறந்தது. சண்டே மார்க்கெட்டில் பழைய இரும்பு விற்பவரிடமிருந்து ஒரு மடக்குச் சவரக்கத்தி வாங்கிவந்தார். கத்தி என்று சொன்னவர் அவர்தான். என் கண்ணுக்குத் தெரிந்தது துரு மட்டும்தான்.

"அந்தக் காலத்து எஃகு, அஸ்வினி. தேச்சா கண்ணாடி மாதிரி வரும் பாரு."

வில்லாபுரத்து வீட்டில் ஒழுகுகிற குழாய்க்கு வாஷர் மாற்றத் தெரியாத மனிதர். போனில் எவரோ கத்தி தேய்க்கும் வீடியோவைப் பார்த்துவிட்டு, பட்டறையிலேயே பிறந்தவர் போல் பால்கனியில் உட்கார்ந்துவிட்டார். ஊறுகாய்க்கு வைத்திருந்த எலுமிச்சையைப் பிழிந்து கத்தியை ஊறப்போட்டார். பிறகு உப்புத்தாள். நைசான தாளில் மெதுவாகத் தேய்க்க வேண்டும் என்று வீடியோவில் சொன்னார்களாம். இவர் கதவுக்குப் பெயின்ட் அடித்தபோது மிஞ்சிய முரட்டுத் தாளை எடுத்தார். துருவோடு சேர்ந்து அலகில் பொறித்திருந்த கம்பெனி பெயரும் போனது. "பேரா வந்து சவரம் பண்ணப்போகுது?" என்றார்.

அடுத்தது சாணைக்கல். அலகைக் கல்லில் படுக்கவைத்துத் தீட்ட வேண்டுமாம். இவர் அரிவாள் தீட்டுவது போல் நிமிர்த்திப் பிடித்துத் தீட்டினார். கடைசியில் தன் தோல் பெல்ட்டை ஜன்னல் கம்பியில் கட்டி அதில் கத்தியை இழுத்தார். பெல்ட் இரண்டாகப் போனது. அதையே கத்தி கூராகிவிட்டதற்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டார்.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அந்தக் கத்தி கையில் இருக்கும் நேரத்தில் மட்டும்தான் அவர் தன் அப்பாவைத் திட்டாமல் இருந்தார்.

என் மாமனார் காசிமாயனும் இவரும் பேசி இரண்டு வருடம் ஆகியிருந்தது. சமயநல்லூர் பக்கத்துத் தோட்டத்தில் தண்ணீருக்குப் போர் போட மாமா ஓர் இடம் காட்டினார். ஊர்க்காரர்கள் நாலு பேர் முன்னால் இவர், "உங்களுக்கு என்ன தெரியும்?" என்று கேட்டுவிட்டார். அவ்வளவுதான். அன்றிலிருந்து இருவருக்கும் நடுவில் நான்தான் தபால் ஆபீஸ். இவர் இரண்டடி தள்ளி உட்கார்ந்திருக்கும்போதே மாமா என்னிடம், "ஆத்தா, அவன் சாப்புட்டானான்னு கேளு" என்பார். "சாப்புட்டாச்சுன்னு சொல்லு" என்பார் இவர். நானும் வெட்கமில்லாமல் சொல்வேன்.

இந்த லட்சணத்தில் நாத்தனார் பாண்டிமீனாவின் மகளுக்குக் காதுகுத்து வைத்தார்கள். தாத்தாவும் தாய்மாமனும் சேர்ந்து நின்று சீர் கொண்டுபோக வேண்டும்.

"மதினி, சபையில ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் மூஞ்சியத் திருப்பிக்கிட்டு நின்டா எனக்குத்தான் அசிங்கம். எப்படியாச்சும் பேச வச்சிருங்க" என்று போனில் அழுதாள்.

இவரிடம் கேட்டேன். "அவரு மொத பேசட்டும்" என்றார். மாமாவிடம் கேட்டேன். "அவன் மொத பேசட்டும்" என்றார். அப்பன் மகன் இல்லை என்று எவரும் சொல்லிவிட முடியாது.

விசேஷத்தன்று காலையில் சலூனுக்குப் போகச் சொன்னேன். தாய்மாமன் போய் வரிசையில் உட்காருவதாவது! மீசையை ஓரம் ஒதுக்குவதற்காக அந்தக் கத்தியை எடுத்தார். அது வெட்டாமல் முடியைப் பிடித்து இழுத்தது. இவர் கோபத்தில் அழுத்தினார். பாதி மீசை போய், உதட்டில் ரத்தமும் வந்தது. மிச்சத்தோடு சபைக்குப் போக முடியாது என்று நான்தான் ரேசரை எடுத்துக் கொடுத்தேன். குளியலறையிலிருந்து வெளியே வந்தவர் யாரோ போல் இருந்தார். சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறியது. எங்கள் பக்கத்து ஆண்கள் எதற்காக மீசையை எடுப்பார்கள் என்பது அப்போது நினைவுக்கே வரவில்லை.

அப்பனைப் பறிகொடுத்தவன்தான் எடுப்பான்.

சமயநல்லூர் மண்டபத்து வாசலில் மாமாவின் தங்கை சுந்தரம்மாள் இவர் முகத்தைப் பார்த்தார். தன் அண்ணன் முன்னதாகவே வந்து உள்ளே பந்தியில் உட்கார்ந்திருப்பது அவருக்குத் தெரியாது.

"எண்ணே, பேத்திக்குக் காது குத்துறதக்கூடப் பாக்காமப் போயிட்டியே" என்று மாரில் அடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். பின்னால் வந்த பெண்கள் விவரமெல்லாம் கேட்கவில்லை, நேராக அழுகையில் சேர்ந்துகொண்டார்கள். உறவுக்காரர் ஒருவர் இவர் தோளைத் தொட்டு, "எப்ப எடுக்குறீக மாப்ள?" என்று விசாரித்தார். அப்பா நன்றாகத்தான் இருக்கிறார் என்று இவர் கத்தியது அந்தச் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை.

சத்தம் கேட்டு மாமா எழுந்துவந்தார். கையில் பாதி வடை.

"யாருத்தா செத்தது?" என்று தங்கையைக் கேட்டார்.

அழுகையை எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் சுந்தரம்மாள் இன்னும் கொஞ்சம் அழுதார். மாமா மகனைப் பார்த்தார். உதட்டு வெட்டின் மேல் ஒட்டிய பேப்பர் துண்டோடு நின்றவரை மேலும் கீழும் பார்த்தார்.

"நான் வடை தின்டுக்கிட்டு இருக்கேன். அதுக்குள்ள எனக்கு எடுத்துட்டியாடா?"

"கத்தி இழுத்துருச்சுப்பா."

யார் முதலில் பேசியது என்பதை இருவருமே கவனிக்கவில்லை. நானும் எடுத்துச் சொல்லவில்லை.

அதன் பிறகு மாமாவுக்கு வேறு வழி இருக்கவில்லை. இவர் தனியாக நின்றால் புதிதாக வருகிறவர்கள் அழத் தொடங்கினார்கள். அதனால் அன்று முழுக்க மாமா மகனை விட்டு நகரவில்லை. சீர்த் தட்டோடு மேளத்துக்குப் பின்னால் நடந்தபோதும், இவர் மடியில் வைத்துக் குழந்தைக்குக் காது குத்தியபோதும் ஒட்டிக்கொண்டே நின்றார். "இருக்கேன்ப்பா, இருக்கேன்" என்று வந்தவர்களையெல்லாம் கும்பிட்டார். பாண்டிமீனாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

சாயங்காலம் நாங்கள் கிளம்பியபோது மாமா பைக் வரைக்கும் வந்தார்.

"ஆத்தா, அவன்ட்ட..." என்று என்னிடம் தொடங்கினார். பிறகு நிறுத்திவிட்டு மகனைப் பார்த்தார். "நெசமா எனக்கு எடுக்குற அன்னைக்கு அந்தக் கத்திய எடுத்துராதப்பா. ரத்தம் வந்தா என்னான்னு பாக்க நான் இருக்க மாட்டேன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இவர் சாவியைப் போட்டு பைக்கை அப்பா பக்கம் திருப்பினார்.

"அஸ்வினி, நீ பஸ்ஸுல போயிரு. நான் அப்பாவ வீட்ல விட்டுட்டு, அங்கயே தங்கிட்டுக் காலையில வாரேன்" என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து, நடுவழியில் இறக்கிவிட்டதற்காக அவரைத் திட்டாமல் நான் பஸ் ஏறியது அன்றைக்குத்தான்.