நகர்ந்து வந்த பட்டறை

சியோலின் முல்லே பகுதியில் பியோ மால்சுன் என்ற பெண் தனியாளாக நடத்திய இரும்பு வெட்டும் பட்டறை அந்த வசந்தத்தில் தினமும் ஒரு சாண் நகர்ந்தது. காரணம் ஊருக்கே தெரியும்: வெட்டும் இயந்திரம் பேயாட்டம் ஆடியது, அது தரையோடு போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருந்ததால் தரை, சுவர், தகரக் கூரை, கொடியில் காய்ந்த கையுறைகள் எல்லாமே சந்தின் எதிர்ப்பக்கம் நோக்கிக் கிளம்பின. மின்வாரியத்தார் அவ்வப்போது வந்து கம்பியை நீட்டிவிட்டுப் போனார்கள். எதிர்ப்பக்கம் மா சங்போக்கின் நூடுல்ஸ் கடை. மனைவியை இழந்த பிறகு அவர் வாயைத் திறப்பது சண்டைக்கு மட்டும்தான்.

"ஏம்மா, நாளைக்கு என் சூப்புச் சட்டிக்குள்ள நின்னுதான் இரும்பு வெட்டுவீங்களா?"

"வெட்டுனா என்னய்யா? அப்பவாவது உங்க சூப்புக்கு ஒரு ருசி வரும்."

ஆனால் கைவண்டி நுழைய இடமில்லாமல் போனதும் சந்துக்காரர்கள் கூடி, ஆட்டத்தை நிறுத்து, இல்லாவிட்டால் இயந்திரத்தை நிறுத்து என்று சொல்லிவிட்டார்கள். மால்சுன்னுக்குப் பிழைப்பே அதுதான். புது பிளேடு போட்டாள், ஆடியது. பேரிங் மாற்றினாள்; ஆடியது. அடிப்பக்க போல்ட்டுகளை இன்னும் முறுக்கினாள். பட்டறை வேகமாக நடந்தது. கடைசியில் பிளேடைக் கழற்றிவிட்டு மோட்டாரை மட்டும் ஓட்டினாள். மேலே வைத்த டம்ளர் தண்ணீர் அசையவில்லை. அப்படியானால் கோளாறு பிளேடு உட்காரும் இடத்தில். மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த சங்போக்கை டார்ச் பிடிக்கச் சொன்னாள். பிளேடை அணைத்துப் பிடிக்கும் வட்டத் தகட்டின் பின்னால், கடுகளவு இரும்புப் பிசிறு ஒன்று உருகி ஒட்டியிருந்தது.

"இத்துனூண்டுக்கா இந்த ஆட்டம்!" என்றார் அவர். இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

பிசிறை அரத்தால் ராவி, தகட்டைத் துடைத்து, பிளேடை நேராக உட்காரவைத்து இறுக்கினாள். இரும்பு மெத்தென்ற தோஃபு போல வெட்டுப்பட்டது. பட்டறை நகர்வது நின்றுவிட்டது. மறுநாள் காலை நூடுல்ஸ் கடை ஒரு சாண் முன்னால் வந்திருந்தது.

"என்னய்யா, உங்க கடையில என்ன ஆடுது?"

"தெரியலயே. எல்லா ஆணியும் இறுக்கமாத்தான் இருக்கு." அவருக்குக் காது சிவந்தது.

மால்சுன் கையிலிருந்த திருகுசாவியைக் கீழே வைத்தாள். "அப்ப எதையும் கழட்ட வேணாம். வர்றது வரட்டும்."

இலையுதிர்காலத்தில் இரண்டு சுவர்களும் தொட்டுக்கொண்டன. இடித்து ஒரே கதவாக்கினார்கள். தங்கள் கல்யாண விருந்துக்கு இரண்டு பக்கமும் சேர்த்து மேசை போட்டார்கள். சந்து அங்கேயே முடிகிறது என்று புதிதாக வருபவர்களுக்குத் தபால்காரர் சொல்லிவிடுகிறார்.