மேசைமேல் கீழேந்தல்

1841ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் தேதி, தென்னாற்காடு ஜில்லா கீழேந்தல் கிராமம் அளக்கப்பட்டது. காலை ஆறு மணிக்குத் தொடங்கி மாலை நான்கு மணிக்கு முடித்தார்கள்.

முடித்தபோது கிராமம் காகிதத்துக்குள் போயிருந்தது.

போன விதத்தில் குழப்பம் ஏதும் இல்லை. அளவுச் சங்கிலி எந்த இடத்தைத் தாண்டியதோ அந்த இடம் லேசானது. பிறகு ஓரத்தில் சுருண்டது. கீழண்டை வயல்கள் முதலில் போயின. அடுத்துப் பனந்தோப்பு. ஏரி கொஞ்சம் தயங்கியது. அளக்க வந்த துரை அதன் கரையை மசியால் வரைந்து முடித்ததும் அதுவும் போய்விட்டது, நடுவில் நின்ற கொக்கு உட்பட.

ஊர்க்காரர்கள் யாரும் ஓடவில்லை. இவ்வளவு தூரம் கடல் தாண்டி வந்து ஒருவர் நம்மை அளந்து பார்ப்பது மரியாதை என்றே நினைத்தார்கள். மணியக்காரர் எல்லோரையும் தலைக்குக் குளிக்கச் சொல்லியிருந்தார். துரைக்கு இளநீர் வெட்டிக் கொடுத்துவிட்டு, ஈரத்தலையோடு வரிசையில் நின்று, வரிசை குலையாமல் போனார்கள்.

பச்சையம்மாள் மட்டும் மிஞ்சினாள். சங்கிலி பிடிக்கும் கலாசிகளில் ஒருவன் தண்ணீர் குடிக்கப் போயிருந்தான். அந்த நேரத்துக்கு அவளைக் கூப்பிட்டு ஒரு முனையைக் கையில் கொடுத்தார்கள். சங்கிலி பிடிப்பவர்களை அளப்பதில்லை. அது விதி.

அவள் பிடித்துக்கொண்டு நிற்கும்போதே, எதிரில் உழுதுகொண்டிருந்த அவள் புருஷன் ஏரோடும் இரண்டு மாடுகளோடும் காகிதத்துக்குள் போனான்.

சங்கிலியைச் சுருட்டிக்கொண்டு எல்லோரும் கிளம்பினார்கள். அவள் சுற்றிலும் பார்த்தாள். நாலு திசையிலும் தரை வெள்ளையாகக் கிடந்தது. இவ்வளவு பெரிய வெறுமையை அவள் அதற்கு முன் கண்டதில்லை.

காகிதம் போன வண்டித்தடத்தைப் பிடித்து நடந்து, மறுநாள் காலை துரையின் ஜில்லாக் கச்சேரிக்குப் போய்ச் சேர்ந்தாள். புருஷனைத் திருப்பி வாங்க வேண்டும். அவளுக்கு வேறு கோரிக்கை இல்லை.

கச்சேரி நடையில் எட்டுத் தூண்கள் இருந்தன. எட்டையும் கடந்தபோது முன்னால் இன்னும் பதினாறு இருந்தன. அவற்றையும் கடந்தாள். வாசல் பின்னால் ஒரு பொட்டு அளவில் தெரிந்தது. டவாலி போட்ட சேவகன் ஒருவன் முக்காலியில் உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தான்.

"இன்னும் எம்மாந் தூரங்க?"

"நடந்தா நீளும்" என்றான் சேவகன். "பேசாம நில்லு. அதுவா வரும்."

அவள் நின்றாள். கூடம் வந்து சேர்ந்தது.

கூடத்தில் ஒரு மேசை இருந்தது. அதன் இந்த முனையில் குமாஸ்தா சிதம்பரநாத முதலி நின்றிருந்தார். மறுமுனை தெரியவில்லை. அங்கே பொழுது இன்னும் விடியாமல் இருந்தது.

மேசை முழுவதும் காகிதம். காகிதம் முழுவதும் நாடுகள்.

பச்சையம்மாள் குனிந்து பார்த்தாள். ஆறுகள் ஓடிக்கொண்டிருந்தன. ஒரு துறைமுகத்தில் கட்டைவிரல் நீளக் கப்பலிலிருந்து அபினிப் பெட்டிகளை இறக்கினார்கள். வாங்க மாட்டேன் என்ற ஊரைப் பக்கத்துக் கப்பல் சுட்டது. குண்டுச் சத்தம் கடுகு வெடிப்பதுபோல் கேட்டது. ஒரு காட்டு வழியே ஆட்கள் யானைத் தந்தங்களைச் சுமந்து போனார்கள். வரிசை முடிவதாக இல்லை. ஒரு தீவு முழுக்கக் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து சன்னமாகத் தமிழ் கேட்டது. யாரோ யாரையோ, அரிவாளை ஒழுங்காகப் பிடிடா, கடங்காரா என்று ஏசினார்கள்.

அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. தேர் நிலையை விட்டு அசையும்போது அப்படிச் சிலிர்க்கும்.

"எதுக்குங்க சாமி இதெல்லாம்?"

"தொரைங்க அவங்க ஊர்ல பெரிய மேசை செஞ்சிட்டாங்க. வெறுமனே கெடந்துது."

"அம்மாம் பெருசா எதுக்குச் செஞ்சாங்க?"

"பக்கத்து நாட்டுக்காரன் செஞ்சான்னுதான்." குமாஸ்தா எழுதுகோலைத் தீட்டினார். "உனக்கு என்னா வேணும், அதைச் சொல்லு."

"எங்க ஊட்டுக்காரரு."

அவர் கீழேந்தலைக் காட்டினார். மேசையின் விளிம்பில், இன்னும் மசி காயாமல் இருந்தது. அவள் ஏரியைத் தொட்டாள். விரல் நனைந்தது. தென்னண்டை வயலில், எள்ளில் பாதி உயரத்துக்கு ஒருவன் உழுதுகொண்டிருந்தான். உழுது திரும்பும் இடத்தில் மாட்டைத் தட்டிக்கொடுத்தான். அவன்தான்.

குமாஸ்தா ஒரு படிவத்தை எடுத்தார்.

"புருஷன் பேரு?"

பச்சையம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"காது கேக்கலியா? பேரு."

"அது எப்பிடிங்க சொல்றது. சொன்னா அவரு ஆயுசு தேஞ்சுபோவும்."

"பேரில்லாம ஆளை எப்பிடித் தர்றது? இதுல பல கோடிப் பேரு இருக்கான்."

"நீங்க ஒவ்வொண்ணா சொல்லுங்க சாமி. வந்தா தலையாட்டுறேன்."

"எனக்குப் பென்ஷன் வந்துடும்மா அதுக்குள்ள."

ஊரில் இப்படி நேர்ந்தால் பக்கத்தில் நிற்கும் இன்னொருத்தி சொல்லிவிடுவாள். அதற்காகவே யாராவது பக்கத்தில் நிற்பார்கள். பச்சையம்மாள் மேசை விளிம்பில் வாயை வைத்து, "நாத்தனாரே, செத்த பேரைச் சொல்லேன்" என்றாள். காகிதத்துக்குள் நெல் தூற்றிக்கொண்டிருந்த ஒரு புள்ளி முறத்தை இறக்கிவைத்தது. அதன் குரல் கொசு ரீங்காரம்போல் வந்தது.

"தாண்டவராயன்னு எழுதிக்கச் சொல்லு அண்ணி. அந்தாளுக்குக் கை நோவுதா என்னா?"

"செல்லாது" என்றார் குமாஸ்தா. "அளக்கப்பட்டவங்க சாட்சி செல்லாது. அளக்கப்படாதவங்கதான் சொல்லணும்."

"அப்ப நீங்களே சொல்லுங்களேன். இப்பக் காதுல உழுந்துதே."

"நான் எழுதறவன். நான் எதையும் கேக்கறதில்ல."

மறுமுனையில் பொழுது விடிந்து, அந்தப் பக்கத்து நாடுகளில் சேவல் கூவியது. வயலில் அவன் இன்னொரு சால் ஓட்டி முடித்தான். துரை வந்து கீழேந்தலைக் கப்பலுக்குக் கட்டச் சொல்லிவிட்டுப் போனார். ஒருவன் சணல் கயிறு கொண்டுவந்தான்.

பச்சையம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு எடுத்தாள்.

"தாண்டவராயன்."

வயலில் அவன் ஏரை நிறுத்தினான். பதினோரு வருஷத்தில் அவள் வாயால் அவன் அதைக் கேட்டதில்லை. தலையைத் தூக்கி மேலே பார்த்தான். அவள் முகம் வானம் முழுக்க இருந்தது. அவன் கையெடுத்துக் கும்பிட்டான்.

"ஐயோ, நாந்தான்" என்றாள் அவள்.

குமாஸ்தா மூன்று படிகள் எழுதினார். ஒன்று கச்சேரிக்கு, ஒன்று சென்னப்பட்டணத்துக்கு, ஒன்று சீமைக்கு. ஒவ்வொரு படிக்கும் அவள் ஒருமுறை பெயரைச் சொல்ல வேண்டியிருந்தது. பிறகு அவர் இடுக்கியால் தாண்டவராயனை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். மாடுகள் படிவத்தில் இல்லை. வயல் காகிதத்தோடு சேர்ந்தது என்றார்.

"உயரம்?" என்று கேட்டாள்.

"நூறடிக்கு ஓர் அங்குலம். அதுல மாத்தம் கெடையாது."

கீழேந்தல் சுருட்டிக் கட்டப்பட்டுக் கப்பலேறியது. அது இருந்த இடத்தில் அடுத்த வாரம் நீலச் சாயத்துக்கு அவுரி விதைத்தார்கள். பச்சையம்மாளுக்கு அங்கே களையெடுக்கும் வேலை கிடைத்தது. தாண்டவராயனும் கேட்டுப் பார்த்தான். உயரம் போதவில்லை என்று அவனை எடுத்துக்கொள்ளவில்லை.