தேவானை வீட்டு நம்பர்

கேட்காமல் கொள்ளாமல் சுவரில் நம்பர் எழுதிவிட்டுப் போய்விட்டார்கள். தேவானை குடத்தோடு திரும்பி வந்தபோது வாசலுக்குப் பக்கத்தில் சிவப்புப் பெயிண்டில் 117 என்று இருந்தது. இன்னும் காயவில்லை, ஒழுகிக்கொண்டிருந்தது. தொண்ணூற்றாறாம் வருஷப் பொங்கலுக்குக் கொஞ்சம் முன்னால் நடந்தது இது. அடையாற்றங்கரைக் குடிசை வரிசை முழுக்க அதே சிவப்புத்தான். பெயிண்ட் டப்பாவோடு நாலு வீடு தள்ளிப் போய்க்கொண்டிருந்தவனை ஓடிப்போய் மறித்தாள்.

"இன்னா நைனா இது? எதுக்கு எழுதிக்கினு போற?"

"எழுதச் சொன்னாங்க, எழுதறேன். எதுக்குன்னு ஆபீஸ்ல போய்க் கேளும்மா" என்றான் அவன். கணக்கெடுக்க வந்த கவர்மென்ட் ஆள், பேர் கருணாகரன். கெட்டவனில்லை, அவசரக்காரன்.

தேவானைக்கு ஒரு விஷயம் மண்டைக்குள் புகுந்துவிட்டால் தெரிந்துகொள்கிறவரை சோறு இறங்காது. கண்ணில் பட்டவர்களையெல்லாம் கேட்டாள். பட்டா கொடுக்கப் போகிறார்கள் என்றாள் எதிர்வீட்டுக்காரி. நம்பர் போட்ட வீட்டையெல்லாம் இடித்து, ஆட்களை லாரியில் ஏற்றி ஊருக்கு வெளியே கொட்டப் போகிறார்கள் என்றான் டீக்கடைக்காரன். இல்லை, நம்பர் இல்லாத வீட்டைத்தான் இடிப்பார்கள் என்றான் அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தவன். அவர்களுக்கு அது பொழுதுபோக்கு. தேவானைக்கோ அது மண் கொட்டி மேடாக்கிக் கட்டிய வீடு. இங்கிருந்து போனால் மயிலாப்பூரில் அவள் வேலை பார்க்கிற வீடுகளும் கையைவிட்டுப் போகும். அப்புறம் எதைத் தின்பது?

மறுநாள் வக்கீல் வெங்கடரமணன் வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டு, ஈரக்கையோடு அவரிடமே கேட்டுவிட்டாள். பேப்பர் படித்துக்கொண்டிருந்த மனிதர் கண்ணாடியைக் கழற்றினார்.

"கொடுக்கணும்னாலும் கவர்மென்ட் எண்ணித்தான் ஆகணும், எடுக்கணும்னாலும் எண்ணித்தான் ஆகணும். வெறும் நம்பரைப் பாத்துண்டிருந்தா எதுன்னு தெரியாது, தேவானை."

"அத்த உடு சார். என் ஊட்டு மேல எழுதறவன் என்னிய ஒரு வார்த்த கேக்கணுமா, வேணாமா?"

"அது புறம்போக்கு நிலமாச்சே..." என்று இழுத்தார் வக்கீல்.

"நெலம் அவங்களுது, சரி. சொவுரு நான் வச்சது."

அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "கேக்கணும்னு எந்தச் சட்டத்துலயும் நான் படிச்சதில்லே. கேக்கப்படாதுன்னும் படிச்சதில்லே" என்றார். ஃபீஸ் இல்லாமல் இதற்கு மேல் ஒரு வக்கீலிடம் எதிர்பார்க்க முடியாது.

போகி வந்தது. அவள் புருஷன் வேலு, கொத்து வேலைக்குப் போகிறவன், ஒரு வாளிச் சுண்ணாம்பு கரைத்துக்கொண்டு வந்தான். வெள்ளையடிக்காமல் பொங்கல் ஏது? ஆனால் அந்த வருஷம் தெருவைப் பார்க்கச் சிரிப்பாக இருந்தது. எல்லாரும் சுவர் முழுக்க வெள்ளையடித்துவிட்டு, நம்பரைச் சுற்றி மட்டும் ஒரு கட்டம் விட்டிருந்தார்கள். பளிச்சென்ற சுவர், நடுவில் பழைய அழுக்கோடு ஒரு சதுரம், அதற்குள் நம்பர். அதைத் தொட ஒருவருக்கும் தைரியமில்லை.

வேலுவும் கட்டம் விடத்தான் பார்த்தான். "அதுல கை வெக்காத. அப்பால நம்ம ஊடே கணக்குல இல்லன்னுருவான்."

"கணக்குல கீறோமா இல்லியான்னு அவன் வந்து கேக்கட்டும்" என்று அவன் கையிலிருந்த வெள்ளையடிக்கிற மட்டையைப் பிடுங்கினாள். வாய் அப்படிச் சொன்னதே தவிர, உள்ளுக்குள் பயம்தான். நம்பர் மறைகிறவரை அடித்தாள். பிறகு உள்ளே போய், சாமி படத்துக்குக் கீழே கரித்துண்டால் 117 என்று தன் கையாலேயே எழுதி வைத்தாள். இவளுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று வேலு நினைத்துக்கொண்டான்.

பொங்கல் முடிந்ததும் கருணாகரன் சரிபார்க்க வந்தான். 116 இருந்தது, 118 இருந்தது, நடுவில் வெறும் வெள்ளை.

"நம்பர் எங்கம்மா?"

"உள்ள கீது."

"வெளியேதான் இருக்கணும்."

"பாக்கணும்னா வந்து பாரு. ஆனா ஊட்டுக்குள்ள வர்றதுக்கு முன்னாடி கேட்டுட்டு வா."

தெருவே எட்டிப் பார்த்தது. நம்பர் இல்லாத வீடு என்று அவன் பாட்டுக்கு நோட்டில் கோடு கிழித்துவிட்டுப் போகலாம். அந்த அதிகாரம் அவனுக்கு இருந்தது. வேலு பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். கருணாகரன் போகவில்லை. இத்தனை சுவரில் எழுதியவன் ஒரு வீட்டுக்குள்ளும் நுழைந்ததில்லை. உள்ளே எப்படித்தான் இருக்கும் என்று அவனுக்கும் தோன்றியதோ என்னவோ.

"வரலாமாம்மா?" என்றான்.

"வா நைனா."

செருப்பைக் கழற்றிவிட்டுக் குனிந்து உள்ளே வந்தான். கரியில் எழுதியதைப் பார்த்தான். அவள் கொடுத்த தண்ணீரைக் குடித்தான்.

"இப்பவாச்சும் சொல்லு. எதுக்கு இது?"

"ஆத்தங்கரையைக் காலி பண்ணப் போறாங்கம்மா. நம்பர் இருக்கிறவங்களுக்கு ஊருக்கு வெளியே இடம் தருவாங்க. எப்பன்னு எனக்கே தெரியாது."

"வரமாட்டேன்னா?"

அவன் சொம்பைக் கீழே வைத்தான்.

வெளியே வந்து டப்பாவைத் திறந்தான். "இங்க எழுதாம இருக்க முடியாதும்மா. இல்லேன்னா அந்த இடமும் கிடைக்காது" என்றான். பிரஷ்ஷைத் தோய்த்துக்கொண்டு சுவருக்குக் கிட்டே போனவன், திரும்பி அவளைப் பார்த்தான்.

"எங்க எழுதட்டும்?"

அவள் மண் குழைத்து எழுப்பிய சுவர் அது. அதைப் பற்றி இதுவரை அவளை யாரும் எதுவும் கேட்டதில்லை. உடனே சொல்லிவிட மனசு வரவில்லை.

"இரு, யோசிச்சிக்கினு சொல்றேன்" என்றாள். அவன் பெயிண்ட் சொட்டச் சொட்டக் காத்துக்கொண்டு நின்றான்.