மாப்பிள்ளைக்குத் தனி பிளக்

பிரிண்டர் வாங்க வருகிறவர்கள் யாரும் ஸ்கேல் கொண்டு வருவதில்லை என்றார் கடைக்காரர். நான் கொண்டு போயிருந்தேன். எஃகு ஸ்கேல். கூடவே ஒரு பென்டிரைவ். அதில் ஒரே ஒரு சதுரம். கடையில் இருந்த லேசர் பிரிண்டர்களில் அந்தச் சதுரத்தை அச்சடிக்கச் சொல்லி நான்கு பக்கமும் அளந்து பார்த்தேன். முதல் மெஷினில் ஒரு நூல் அளவு குறைந்தது. இரண்டாவதில் அகலம் சரி, உயரம் சரியில்லை. ஒரு நூல்தானேம்மா என்றார் அவர். எங்கள் தொழிலில் ஒரு நூல் குறைந்தால் எங்கேயோ ஒருவர் கழுத்துப் பட்டனைப் போட முடியாமல் திணறுவார். அதை உட்கார்ந்து விளக்க எனக்குப் பொறுமை கிடையாது.

துணிக்கு முன்னால் வருகிற காகிதம்தான் எங்கள் தொழில். சட்டையோ கவுனோ, அதன் முன்பக்கம், பின்பக்கம், கை, காலர் எல்லாவற்றையும் நான் கம்ப்யூட்டரில் வரைவேன். உண்மை அளவில் அச்சடித்து, தாள்களை ஒட்டி, தையற்காரர்களுக்குக் கொடுப்பேன். பேட்டர்ன் என்பார்கள். செருப்புக் கடைக்கு மேலே ஒரே அறை, நடுவில் ஒரு பிளைவுட் தடுப்பு. இந்தப் பக்கம் நானும் கம்ப்யூட்டரும். அந்தப் பக்கம் வெட்டு மேஜை, தையல் மெஷின், இஸ்திரிப் பெட்டி, என் நாத்தனார்.

என் கணவரின் அக்கா. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். ரெடிமேட் கம்பெனியில் பல வருஷம் கட்டிங் பார்த்துக்கொண்டிருந்தவர், நான் நச்சரித்த நச்சரிப்பு தாங்காமல் வேலையை விட்டுவிட்டு என்னோடு வந்தார். வந்தாரே தவிர, ஒரு காலை வாசலுக்கு வெளியிலேயே வைத்திருந்தார். கம்பெனி சூப்பர்வைசர் அவருக்காக ஒரு நாற்காலியை மாசக் கடைசி வரை காலியாக வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். பட்டன் எண்ணி, நூல் பிசிறு பார்க்கிற செக்கிங் வேலை. அண்ணிக்கு அடியோடு பிடிக்காத வேலை. ஆனாலும் வாரத்துக்கு ஒரு தடவையாவது, உன் ஆபீஸ் ஓடலைன்னா நான் அங்க போயிடுவேன் என்பார். உன் ஆபீஸ், உன் கம்ப்யூட்டர், உன் தலைவலி. கத்தரிக்கோல் மட்டும் அவருடையது. அவர் போய்விட்டால் என் காகிதத்தைத் துணியாக்கிப் பார்க்க ஆளில்லை. அதைவிட, எனக்குச் சண்டை போட ஆளில்லை. அவரை எனக்கு அவ்வளவு பிடிக்கும். அதை அவரிடம் சொன்னதில்லை.

பழைய இங்க் பிரிண்டர் ஒரு அழுமூஞ்சி. ஈரக்கை பட்டால் கோடு கரையும். ஒரு வாரம் சும்மா விட்டால் மூக்கடைத்துக்கொள்ளும். அது கண்ணை மூடியதும் லேசர் வாங்கலாம் என்றேன். கறுப்பு மட்டும் அடிப்பதற்கு எதற்கு இவ்வளவு பெரிய உடம்பு என்று அண்ணி வேண்டாவெறுப்பாகத்தான் கடைக்கு வந்தார். இதில் இருப்பது மை இல்லை, தூள். சூட்டில் உருகிக் காகிதத்தில் ஒட்டிக்கொள்ளும், தண்ணீர் பட்டாலும் போகாது என்று கடைக்காரர் விளக்கினார். அந்த நேரம் அண்ணி அடுத்த பிரிவில் ஒரு சுழல் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது மெஷினில் சதுரம் சதுரமாகவே வந்தது. அதையே கட்டித் தரச் சொன்னேன்.

வந்த வாரமே அதற்குப் பெயர் வைத்தாயிற்று. தனி பிளக் வேண்டும். வெயில் படக் கூடாது. காகிதம் கொஞ்சம் நமத்திருந்தால் மென்று துப்புவார். எழுப்பினால் உடனே எழுந்துவிட மாட்டார். ஒரு உறுமல், ஒரு பெருமூச்சு, சூடேறிய பிறகுதான் வேலை. "இது பிரிண்டர் இல்ல, மாப்பிள்ளை," என்றார் அண்ணி. உன் மாப்பிள்ளை என்று திருத்தியும் சொன்னார். ஆனால் புதிதாக விழுகிற தாளின் சூட்டில் உள்ளங்கையை வைத்துக்கொள்ள அவருக்குப் பிடித்திருந்தது. யாரும் பார்க்காதபோது வைத்துக்கொள்வார்.

மாப்பிள்ளைக்கும் இஸ்திரிப் பெட்டிக்கும் ஆகவே ஆகாது. இரண்டும் ஒரே நேரத்தில் சூடேறினால் போர்டில் மெயின் சுவிட்ச் விழுந்துவிடும். எங்களுக்கு மட்டுமல்ல, கீழே செருப்புக் கடைக்கும் சேர்த்து இருட்டு. செருப்புக் கடைக்காரர் கழியால் மேல்தளத்தைத் தட்டுவார். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டோம். தனி ஒயர் இழுக்க வேண்டும், நாளைக்கு வருகிறேன் என்றார். போனவர் போனவர்தான். அதனால் எங்களுக்குள் ஒரு ஏற்பாடு. அச்சடிக்கும் முன் நான் "போடவா?" என்று கேட்பேன். அண்ணி பெட்டியை அணைத்துவிட்டு "போடு" என்பார். அந்தக் குரல் வராமல் நான் பட்டனைத் தொடுவதில்லை. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிற நாளிலும் இந்த இரண்டு வார்த்தை நின்றதில்லை. என் கணவர் ஒருநாள் மத்தியானம் வந்து உட்கார்ந்திருந்துவிட்டு, நீங்க ரெண்டு பேரும் நாள் பூரா பேசிக்கிறதே இவ்வளவுதானா என்று கேட்டார்.

அப்போதுதான் ஒரு பாட்டு டீச்சர் வந்தார். அவரிடம் இருபது பேர் சேர்ந்து பாடுகிற குழு ஒன்று இருந்தது. எல்லோருக்கும் வெள்ளைச் சட்டை; காலரின் இரண்டு முனையிலும் பச்சை நூலில் ஒரு சின்ன இலைக்கொடி. பேட்டர்ன், தையல், கொடி எல்லாமே நீங்களே செய்து கொடுங்கள் என்றார். நன்றாக வந்தால் அவருடைய மற்றக் குழுக்களும் எங்களிடம்தான். முதல் பெரிய ஆர்டர். நான் துள்ளாத குறை. அண்ணியைப் பார்த்தேன். அவர் தன் வலது மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கொடியைத் துணியில் கொண்டுவர ஒரு வழிதான் எங்களுக்குத் தெரியும். கார்பன் தாளை வைத்து, நன்றாக அழுத்தி, கையால் வரைய வேண்டும். ஒவ்வொரு காலரிலும் இரண்டு முனை. அண்ணியின் மணிக்கட்டு கொஞ்ச நாளாகவே சரியில்லை. அவராகச் சொல்லவில்லை. டிபன் பாக்ஸை இடது கையால் திறப்பதையும், பென்சிலைப் பிடித்த கையை அடிக்கடி உதறிக்கொள்வதையும் நான் பார்த்திருந்தேன். கேட்டால் ஒன்றுமில்லை என்பார். இரண்டு தடவை கேட்டுப் பார்த்துவிட்டு நானும் விட்டுவிட்டேன்.

சட்டை பேட்டர்னை அச்சடித்து, ஒட்டி, மடித்துக் கொடுத்தேன். காகிதத்தின் மடிப்பை எடுக்க அண்ணி அதற்கும் இஸ்திரி போடுவார். பெட்டியில் மை ஒட்டாமல் இருக்க, அச்சுப் பக்கத்தைக் கீழே கவிழ்த்துப் போடுவார். அடியில் வெட்ட வேண்டிய துணியையும் விரித்துவிடுவார். ஒரே சூட்டில் துணியும் நிமிரும், காகிதமும் நிமிரும். இது கம்பெனியில் கற்றதல்ல, அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு. அதில் அவருக்குப் பெருமையும் உண்டு. அழுமூஞ்சி காலத்தில் அதனால் ஒரு கெடுதலும் வந்ததில்லை. மாப்பிள்ளை அச்சடித்த தாளைத் துணியோடு சேர்த்துத் தேய்ப்பது இதுதான் முதல் தடவை.

அன்றைக்கும் அப்படித்தான் நன்றாக அழுத்தித் தேய்த்துவிட்டுக் காகிதத்தை உரித்தார். அதற்கப்புறம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தேன். வெள்ளை வெளேர் என்றிருந்த துணியில் என்னுடைய வெட்டுக்கோடு, தையல்கோடு, அம்புக்குறி எல்லாம் கறுகறுவென்று விழுந்திருந்தன. "முன்பக்கம்" என்று நான் அடித்திருந்த எழுத்துகூட, கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் வலம் மாறி, துணியில் உட்கார்ந்திருந்தது.

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கிற நேரமா அது? ஆனாலும் சிரித்தேன்.

"சிரி," என்றார் அண்ணி. "உன் மாப்பிள்ளை என் துணியில கரியைப் பூசிட்டாரு. நீ நல்லா சிரி."

நானாவது சும்மா இருந்திருக்கலாம். துணியையும் காகிதத்தையும் சேர்த்து வைத்து இஸ்திரி போடுகிற புத்திசாலித்தனம் யாருக்கு வரும் என்று கேட்டுவிட்டேன். தூளைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்துவிட்டு ஒரு வார்த்தை எச்சரிக்காதது யார் என்று அவர் கேட்டார். வார்த்தை தடித்தது. கடைசியில் பெட்டியின் பிளக்கை வெடுக்கென்று பிடுங்கினார், வலது கையால். பிடுங்கியவர் அப்படியே கையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் பக்கத்தில் போனேன். அவர் நகர்ந்துகொண்டார்.

"திங்கட்கிழமையிலிருந்து நான் கம்பெனிக்குப் போறேன்," என்றார். "அங்க பட்டனை எண்ணினா போதும்."

பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். கத்தரிக்கோலை மறந்துவிட்டுப் போனார்.

அந்தத் துணியைச் சோப்புப் போட்டு, பிரஷ் போட்டு, என் கோபம் தீருகிற மட்டும் தேய்த்தேன். கோபம் போனது. கோடு போகவில்லை. மிச்சத் துணி இருந்ததால் அந்த ஒரு முன்பக்கத்தை வேறு வெட்டிக்கொள்ளலாம். துணி பெரிய விஷயமே இல்லை. மறுநாள் காலையில் பேட்டர்னை மறுபடி அச்சடிக்க உட்கார்ந்தேன். வாய் தானாக "போடவா?" என்றது. பதிலுக்காகக் காத்துக்கொண்டும் இருந்தேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் யாருமில்லை என்பது உறைத்தபோது அழுதுவிட்டேன்.

அழுது முடித்து முகத்தைத் துடைக்கக் கைக்கு வந்தது அந்தத் துணிதான். காய்ந்து கிடந்தது. அத்தனை தேய்த்தும் கோடு தலைமுடி கனத்துக்குச் சுத்தமாக இருந்தது. கார்பனால் இப்படி ஒரு கோடு போட யாராலும் முடியாது. அண்ணி நல்ல மணிக்கட்டோடு இருந்த காலத்தில்கூட முடியாது. சூட்டில் உருகி ஒட்டும் என்று பிரிண்டர் கடைக்காரர் சொன்னது அப்போதுதான் மண்டையில் ஏறியது. காகிதத்தில் ஒட்டுகிற தூள், இன்னொரு சூடு பட்டால் துணியில் ஒட்டுகிறது. அதுதான் நடந்திருக்கிறது. நடந்ததை வேண்டுமென்றே செய்தால் என்ன?

கொடியை மெல்லிய சாம்பல் கோட்டில் வரைந்து அச்சடித்தேன். துண்டுத் துணியில் கவிழ்த்துப் பெட்டியை வைத்தேன். முதல் தடவை சூடு போதவில்லை, பாதிக் கொடிதான் வந்தது. இரண்டாவது தடவை பெட்டியோடு காகிதமும் நகர்ந்து, கொடி இரட்டைப் பிள்ளை பெற்றது. தேய்க்கக் கூடாது, வைத்து அழுத்தி எடுக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டேன். பிறகு வந்தது பாருங்கள், அப்படியொரு கொடி. இடது முனைக்கு அச்சடித்தது திரும்பி வலது முனைக்குப் பொருந்தியது, வலது இடதுக்குப் பொருந்தியது. கணக்கு அதுவாகவே சரியாகிவிட்டது.

சனிக்கிழமை அண்ணி கத்தரிக்கோலை எடுத்துப் போக வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. மேஜையின் மேல் கத்தரிக்கோலுக்குப் பக்கத்தில் ஒரு காலரை விரித்து வைத்திருந்தேன். காலரைப் பார்க்காமல் கத்தரிக்கோலை எடுக்க முடியாது.

"இதை யாரு வரைஞ்சது?"

"மாப்பிள்ளை."

நகத்தால் சுரண்டினார். எச்சில் தொட்டுத் தேய்த்தார். துவைத்தால் போகுமா என்று கேட்டார். போகாது, தேய்த்துப் பார்த்துவிட்டேன் என்றேன். "அப்ப நூல்தான் மறைக்கணும்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, பையை இறக்கி வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். ஊசியில் பச்சை நூலைக் கோத்தார். ஒரு இலையைப் போட்டு முடிக்கிற வரை நான் பக்கத்திலேயே நின்றேன். சாம்பல் கோடு எங்கேயும் தெரியவில்லை. ஊசி அவருடைய வலது கையில் எப்போதும்போல் ஓடியது.

"கை வலிக்கலையா, அண்ணி?"

அடுத்த இலைக்கு நூலை இழுத்துக்கொண்டே பதில் சொன்னார். "ஊசிக்கு வலிக்காது. அழுத்தி வரையும்போதுதான் உயிர் போகுது. இத்தனை காலர் என்னால வரைய முடியாதுன்னு உன்கிட்ட எப்படிச் சொல்றது? அவ்வளவு ஆசையா நின்னே. முடியலைன்னு சொல்றதுக்கு, போயிடறது சுலபமா இருந்துச்சு."

"நீங்க இல்லாம எனக்கு இந்த ஆபீஸ் எதுக்கு?" என்றேன். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகச் சொன்னேன்.

"ரொம்பத்தான்," என்றார் அண்ணி. ஆனால் ஊசியை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, சும்மா நிற்காமல் மிச்சக் கொடியை அடிக்கச் சொன்னார். சூடு வைப்பதைத் தானே செய்து பார்ப்பதாகச் சொல்லி, பெட்டியின் பிளக்கைச் சொருகினார், இடது கையால். அந்த நேரம் பார்த்து அவருடைய போன் அடித்தது. சூப்பர்வைசர் என்று அவர் பேசிய விதத்திலேயே தெரிந்துவிட்டது.

கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தேன். காது முழுக்க அந்தப் பக்கம் இருந்தது. கேட்க வேண்டிய வார்த்தையைக் கேட்காமலே பட்டனை அழுத்தினேன். மாப்பிள்ளை உறுமினார். டப்பென்று சுவிட்ச் விழுந்தது. அறை இருண்டது. கீழேயிருந்து கழியால் தட்டும் சத்தம் வந்தது. அதற்கு நடுவில் அண்ணியின் குரல் நிதானமாகக் கேட்டது.

"கேக்குதுங்க, சொல்லுங்க. ஒண்ணுமில்ல, கரண்ட் போயிடுச்சு. இல்லங்க, திங்கட்கிழமை வரல. அந்த நாற்காலியை வேற யாருக்காவது குடுத்துடுங்க. நான் எங்க ஆபீஸ்லயே இருந்துக்கறேன்."

கழிச் சத்தம் பலமானது. தட்டுத் தடுமாறி எழுந்து போய் சுவிட்சைத் தூக்கிவிட்டேன். விளக்கு வந்ததும் தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து, எப்போதும் நான் கேட்கிற கேள்வியை அண்ணி கேட்டார்.

"பெட்டியைப் போடவா?"

"போடுங்க அண்ணி," என்றேன். மாப்பிள்ளை கொஞ்சம் காத்திருக்கட்டும்.