வாய் வைக்காத குழாய்

1

இந்தக் கதை எனக்குச் சுரங்கத்து மண்மேட்டில், சோற்று நேரத்தில் கிடைத்தது. என்னோடு காண்ட்ராக்டில் மண் சுமக்கிற, எங்கள் தெருச் செங்கமலம் சொன்னாள். கதையாகச் சொல்லவில்லை. "எம்மவ சயின்சுல வாய் வைக்க மாட்டேங்குதாம்ண்ணே, அதுக்கு மார்க்கக் கொறைக்கிறாங்க" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டாள். மீதியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டு வாங்கினேன். அவள் சொல்லாத இடத்தில் நானே போட்டுக்கொண்டேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

அறிவியல் ஒளி பரவத் தொடங்கிய இந்த நிலக்கரிப் பூமியில், ஓர் ஏழைப் பெண்

[நிறுத்திவிட்டேன். திறப்புவிழா மேடையில் பேசுகிற மாதிரி இருக்கிறது.]

அடுத்து இப்படி:

ஆதிலட்சுமிக்குக் கை நடுங்கும்.

[இது பொய். ஆனால் செங்கமலம் ரொம்ப நாள் நம்பிய பொய். அதனால் இருக்கட்டும்.]

2

ஆதிலட்சுமிக்குக் கை நடுங்கும் என்று அவள் அம்மா செங்கமலம் நம்பினாள். பெண் டவுன்ஷிப் பள்ளிக்கூடத்தில் பதினோராவது, அதுதான் கடைசி வகுப்பு. எழுத்துப் பரீட்சையில் எல்லாம் தேறிவிடுவாள். ரசாயனச் செய்முறையில் மட்டும் ஒவ்வொரு முறையும் விழுவாள். செலக்சன் பரீட்சையிலும் விழுந்தால் எஸ்.எஸ்.எல்.சி.க்குப் பெயர் போகாது. பெயர் போகாவிட்டால் பெண் அம்மாவுக்குப் பின்னால் மண்கூடை தூக்க வர வேண்டியதுதான். மேஸ்திரி இப்போதே, "உம்பொண்ணு நல்லா வளந்துட்டா போலருக்கே" என்று காலிக் கூடையைப் பார்த்துக்கொண்டு கேட்கிறான்.

செங்கமலம் தனக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்தாள். விடியலில் பச்சை முட்டை. பெண் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்துவிட்டுப் போய், வழக்கம்போல் விழுந்துவிட்டு வந்தாள். முட்டை போட்ட கோழியின் மேல் செங்கமலத்துக்குச் சந்தேகம் வந்தது.

[கோழி நான் போட்டது. முட்டையைக் கடையில்தான் வாங்கினாளாம்.]

3

அப்புறம் பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் விட்டுக் கூப்பிட்டார்கள். ரசாயன வாத்தியார் கோபாலகிருஷ்ணன் ஒரு கண்ணாடிக் குழாயை எடுத்துக் காட்டினார். நடுவில் வயிறு பருத்து, மேலும் கீழும் ஒல்லியாக இருந்தது. பிப்பெட்டாம்.

"நடுக்கம்லாம் ஒண்ணும் இல்லம்மா. இதுல வாய் வச்சு உறிஞ்சணும். தண்ணி இந்தக் கோடு வரைக்கும் வந்ததும் விரலால அடைக்கணும். உங்க பொண்ணு வாயே வைக்க மாட்டேங்குது. கண்ணளவா ஊத்துது. அப்புறம் விடை எப்படி வரும்?"

"வாயாலயாங்க?"

"வாயாலதான்."

"பரீட்சைக்குங்களா?"

"பரீட்சைக்குத்தாம்மா."

"எல்லாரும் வாய் வச்சதுலயேங்களா?"

"மேசைக்கு ஒண்ணுதான் இருக்கு. ரெண்டு பேர் மாத்தி மாத்தி எடுப்பாங்க."

செங்கமலத்துக்கு விளங்கிவிட்டது. பெண் நடக்கப் பழகிய நாளிலிருந்து, "தூக்கிக் குடி, தூக்கிக் குடி" என்று பழக்கியவள் அவள்தான். சுத்தத்துக்காக இல்லை. ஊர்த்தெருக்காரர் வீட்டுச் செம்பில் எங்கள் பிள்ளை உதடு பட்டது என்று யாரும் வந்து வாசலில் நின்றுவிடக் கூடாது. எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு அதுதான் முதல் பாடம். ஆதிலட்சுமி அதில் ஒரு நாளும் விழுந்ததில்லை.

4

ஞாயிற்றுக்கிழமை மதியம். ராத்திரி ஷிப்ட் பார்த்துவிட்டு வந்த அப்பன் உள்ளே தூங்கினான். செங்கமலம் ஒரு பப்பாளிக் காம்பை ஒடித்து, தூக்குவாளித் தண்ணீரோடு கொண்டுவந்து வைத்தாள்.

"வைடி வாயி."

"நீ மொதல்ல வை."

செங்கமலம் உறிஞ்சினாள். தண்ணீர் நேரே தொண்டைக்குப் போய்ப் புரையேறியது.

"குடிக்கக் கூடாதும்மா. கோடு வரைக்கும் ஏத்தி நிறுத்தணும்."

"இதுல எங்கடி கோடு?"

"கோடுதான் இல்லியே. நீ பாட்டுக்குக் குடிச்சிக்கினு இருக்க."

நகத்தால் கீறிக் கோடு போட்டார்கள்.

"இப்ப நீ வை."

"நீ வச்சதுலயா?"

"அங்க எவளோ வச்சதுல வைக்கணும். பெத்தவ வச்சதுல வைக்க மாட்டியா?"

வைத்தாள். காம்புக்குள் ஏறுவது வெளியே தெரியாது. தண்ணீர் கோட்டுக்கு வந்ததா இல்லையா என்று இரண்டு பேரும் சண்டை போட்டார்கள். ஆனாலும் பொழுது சாய்வதற்குள் அவள் உதட்டுக்குக் கூச்சம் போய்விட்டது. அப்போதுதான் செங்கமலம் கேட்டாள்.

"அங்க ஒரு வாட்டிகூடவா வைக்கல?"

"வச்சேன். ஒரே ஒரு வாட்டி."

"அப்புறம்?"

"அடுத்தது சந்திரா எடுக்கணும். வாங்கிக்கினு போயி தண்ணிக் கொழாயில கழுவினா."

"சாரு கழுவச் சொல்லியிருக்காரா?"

"சொல்லியிருக்காரு."

"அப்ப என்னா?"

"ஒண்ணுமில்ல."

"எப்படிக் கழுவினா?"

"கழுவுற மாதிரிதான்."

"மத்தவளுங்க கிட்ட வாங்குனாலும் கழுவுவாளா?"

"அந்த மேசையில நாங்க ரெண்டே பேருதாம்மா."

5

சந்திரா எனக்குச் சரியாக வரவில்லை. தெற்கே ஏதோ ஜில்லாவிலிருந்து வந்த ஃபோர்மன் மகள், குவார்ட்டர்சில் இருக்கிறாள் என்பதுவரை தெரியும். அப்புறம்

சந்திரா முகத்தைச் சுளித்தபடி அந்தக் குழாயை

[அடித்துவிட்டேன். அந்த முகத்தை நான் பார்த்ததில்லை.]

சந்திரா அன்பு ததும்பும் கண்களோடு

[இதையும் அடித்தேன். அதே காரணம்.]

அவளைக் கெட்டவளாக எழுதினால் கதை சீக்கிரம் முடிந்துவிடும். எனக்கும் ஷிப்டுக்கு நேரமாகிறது. ஆனால் எங்கள் கேன்டீனில் எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கிளாஸ்தான், கழுவிக் கவிழ்த்திருக்கும். யாருக்குப் பயந்து கழுவியது என்று கிளாசைப் பார்த்துச் சொல்ல முடியாது. முன்னே கூலிக்குப் போன ஊரில் எங்களுக்குத் தனிக் கிளாஸ். அதில் இந்தக் குழப்பம் இல்லை.

6

முடிவு இரண்டு எழுதினேன்.

ஆதிலட்சுமி தேறிவிட்டாள். [செங்கமலத்துக்குப் படித்துக் காட்டினேன். "நடந்தா பாக்கலாம்ண்ணே" என்றாள்.]

மேஸ்திரி கூடையை நீட்டினான். ஆதிலட்சுமி [இதைப் படித்துக் காட்டவில்லை.]

பரீட்சை நாளைக்குத்தான். அதனால் எனக்கு நிச்சயமான இடம்வரை எழுதுகிறேன்.

ஆதிலட்சுமி பிப்பெட்டில் வாய் வைக்கிறாள். உறிஞ்சுகிறாள். கோட்டுக்கு வந்ததும் விரலால் அடைக்கிறாள். குடுவையில் விட்டு, மேலேயிருந்து அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக இறக்குகிறாள். ரோஸ் நிறம் போக வேண்டிய நேரத்துக்குப் போகிறது. அளவு சரி.

ஆனால் ஒரு அளவுக்கு மார்க் இல்லை. இரண்டாவது தடவை எடுத்து அது முதல் அளவோடு ஒத்துப்போக வேண்டும். நடுவில் குழாய் சந்திராவிடம் போய்த் திரும்பி வர வேண்டும். திரும்பி வந்ததும் ஆதிலட்சுமி மறுபடி வாய் வைப்பாளா, கண்ணளவாக ஊற்றுவாளா என்பதில்தான் மற்றதெல்லாம் இருக்கிறது.

அவள் குழாயை நீட்டுகிறாள்.

சந்திராவை எனக்கு எழுத வரவில்லை என்று முன்பே சொன்னேன். நீங்கள் வந்து மேசைக்கு அந்தப் பக்கம் நில்லுங்கள். வாங்கிக்கொள்ளுங்கள். கழுவலாம், தப்பில்லை, சார் சொன்னதுதான். எப்படிக் கழுவுகிறீர்கள் என்று மட்டும் அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.